குடும்பத்துக்கு ஒரு பழைய மோன்டாக்

அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்டலாம் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் பாஸ்டன் வேலர் என்கிற நிறுவனத்தின் படகில்தான் வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான். டிக் ஃபிஷர் என்பவர், ரே ஹன்ட் என்கிற படகு வடிவமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கிய 13 அடிப் படகு 1958இல் விற்பனைக்கு வந்தது. இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தி, நடுவில் இருக்கும் இடைவெளியில் பாலியூரிதேன் ஃபோமைத் திரவமாகச் செலுத்தி உப்பவிடுவார்கள். இறுகியதும் ஓடும் ஃபோமும் ஒரே துண்டு. 1961இல் லைஃப் பத்திரிகையில் இதன் படங்கள் வந்தன. ஃபிஷர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். அறுபட்ட பாதியை அவர் எஞ்சினோடு ஓட்டிக்கொண்டு போகிறார். அறுபது வருடம் கழித்தும் அந்தப் படங்கள்தான் இந்தப் படகை விற்றுக்கொண்டிருக்கின்றன.

எங்களிடம் இருப்பது அதைவிடப் பெரிய மாடல், மோன்டாக். பேச்சுக்கு 17 அடி, டேப் வைத்து அளந்தால் 16 அடி 7 அங்குலம். அகலம் 6 அடி 2 அங்குலம். எழுபதுகளின் கடைசியில் செய்தது. கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில், ஓக் மரத்தடியில், தார்ப்பாய் கிழிந்து பல வருடம் கிடந்திருக்கிறது. உள்ளே விழுந்த இலை மக்கி மண்ணாகி, அதில் ஒரு மேப்பிள் கன்று முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

'மூழ்காத படகு' என்ற பெயர்தான் பழசு வாங்குகிறவருக்கு முதல் கண்ணி. மூழ்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு ஓட்டுக்கும் நடுவே ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் அது வெளியேற வழியே கிடையாது. யாரோ தூண்டில் தாங்கி மாட்டத் துளைத்த ஓட்டை, மூடாமல் விட்ட ஸ்க்ரூ துவாரம், அரித்துப்போன பித்தளைக் குழாய் என்று எதன் வழியாகவும் நுழையும். ஃபோம் எளிதில் நீரை உறிஞ்சும் ரகம் இல்லைதான். ஆனால் நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்குப் பகுதியின் குளிரில் அந்தத் தண்ணீர் வருடா வருடம் உறைந்து விரிந்து, ஃபோமின் அறைகளை உடைத்து, அடுத்த வருடத் தண்ணீருக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாலிஷ் போட்டுவிட்டால் புதுப் படகு போலவே இருக்கும்.

பழமை மாறாமல் மீட்பது ஒரு தனிக் கலை. அந்தக் காலத்து முன்விளக்கின் கண்ணாடி மூடி ஒன்றுக்காக வருடக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு வேண்டியிருந்தது வேறு. எட்டு வயதுப் பெண்ணையும் ஐந்து வயதுப் பையனையும் ஏற்றிக்கொண்டு போனால், போன படகு திரும்பி வரவேண்டும். அதனால் கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கு முதலில் பணம், பளபளப்புக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இல்லை. "பணம்னு ஒண்ணு மிச்சம் இருக்குமாங்க?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

விலை பேசுவதற்கு முன்னால் படகை எடை போட வேண்டும் என்று விற்றவரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டிய மனிதர். "வாங்கி ஓட்டப் போறீங்களா, பழைய இரும்புக்குப் போடப் போறீங்களா?" என்று சிரித்தார். ஆனாலும் சம்மதித்தார். பழைய வேலர் வாங்குகிற யாரும் விடக்கூடாத சோதனை இது. தட்டிப் பார்ப்பது, ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்ப்பது எல்லாம் ஓரளவுக்குத்தான் சொல்லும். எடைமேடைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜுக்கு டிரெய்லரோடு இழுத்துப் போனேன். அங்கே டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, அதன் சொந்தக் காலில் நிற்க வைத்துத்தான் எடை பார்க்க வேண்டும். காரோடு மாட்டியபடி பார்த்தால் மூக்குப் பக்க எடையில் ஒரு பங்கு காரின்மேல் போய்விடும், கணக்கு குறைத்துக் காட்டும். மொத்த எடையிலிருந்து டிரெய்லரின் எடையைக் கழிக்க வேண்டும். எஞ்சினுடைய எடை அதன் கையேட்டில் கிடைக்கும். பேட்டரி, நங்கூரம், கயிறு எல்லாவற்றையும் இறக்கிவிடுவது நல்லது. டாங்கில் இருக்கிற பெட்ரோலுக்கு லிட்டருக்கு முக்கால் கிலோ போட்டுக் கழிக்கலாம். மிச்சம் நிற்பது படகு. இந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொன்ன எடை சுமார் 900 பவுண்டு, அதாவது 410 கிலோவை ஒட்டி. என்னுடையது அதைவிட ஐம்பது கிலோ சொச்சம் கூடுதலாக வந்தது. பிற்பாடு மாட்டிய கைப்பிடிக் கம்பி, பெரிய இருக்கை என்று கொஞ்சத்தைத் தள்ளினாலும் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்பது உறுதி.

இந்த அளவோடு வாழலாமா என்பதுதான் கேள்வி. பல பேர் பல விதமாகச் சொல்வார்கள். என் கணக்கில் ஐம்பது கிலோ என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம். நூறு என்றால் யோசிக்க வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மேல் ஓட்டை வெட்டியெடுத்து, ஊறிய ஃபோமைச் சுரண்டி, புது ஃபோம் ஊற்றி, திரும்ப ஃபைபர் போடுகிறவர்கள் உண்டு. அந்த உழைப்புக்கு இன்னொரு காய்ந்த படகே வாங்கிவிடலாம். ஊறின ஃபோமை முழுதாகக் காயவைத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கொஞ்சம் வடிக்கலாம், இனிமேல் புகாமல் அடைக்கலாம். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

எடைக்கு அடுத்தது டிரான்சம், அதாவது எஞ்சின் தொங்குகிற பின்சுவர். ஃபைபருக்கு உள்ளே தடிமனான பிளைவுட் இருக்கிறது. அது உளுத்துப்போனால் நூறு கிலோவுக்கு மேலான எஞ்சின் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து நன்றாக அழுத்தி ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் டிரான்சத்தின் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். சுவர் மூச்சு விடக்கூடாது. அப்புறம் பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கலாம். கெட்டியான இடம் கணீரென்று திருப்பிச் சொல்லும், கெட்ட இடம் மந்தமாகப் பதில் தரும்.

சந்தேகம் தீராததால், வாங்கிய பிறகு, உட்புறத்தில் கண்ணில் படாத இடமாகப் பார்த்துச் சின்ன டிரில்லால் துளைத்துப் பார்த்தேன். இந்த வேலையில் கவனிக்க வேண்டியது துளையை அல்ல, பிட்டின் சுருளில் ஏறி வரும் தூளை. முதலில் வெள்ளையாக ஃபைபர் மாவு வரும். அதன்பிறகு மரத்தூள். வெளிர் நிறத்தில், விரலில் தேய்த்தால் உதிர்ந்து போனால் பிளைவுட் நலம். கறுத்து, பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் அந்த இடம் போச்சு. எனக்கு எஞ்சினின் போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் கறுப்பாக வந்தது, நாலு விரல் தள்ளித் துளைத்தால் வெளிர் நிறம். எஞ்சினை இறக்கி, போல்ட் துவாரங்களைப் பெரிதாக்கி, கெட்ட மரத்தைத் தோண்டியெடுத்து, ஹேர் டிரையர், மின்விசிறி வைத்து உலரவிட்டு, கெட்டி எபாக்ஸியால், அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் பசையால் நிரப்பி, இறுகிய பிறகு எபாக்ஸியின் நடுவில் புதுத் துவாரம் போட்டேன். இப்போது போல்ட்டைச் சுற்றி நிற்பது மரம் இல்லை, எபாக்ஸி. இனி தண்ணீர் புகாமல் போல்ட்டைச் சுற்றிப் பூசும் சீலன்ட் என்றாவது கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. படகில் எங்கே எந்த ஸ்க்ரூ போட்டாலும் இதே முறைதான்: பெரிதாகத் துளை, நிரப்பு, திரும்பத் துளை. பழைய முதலாளி விட்டுப்போன அத்தனை ஓட்டைகளையும் இப்படித்தான் அடைத்தேன். பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே எபாக்ஸி இறுகுவதற்குப் படாத பாடு படும் என்பதால், இந்த ஊரில் மே வரைக்கும் காத்திருக்க வேண்டும், அல்லது சூடான கராஜ் வேண்டும்.

அந்தப் பித்தளைக் குழாய்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. படகுக்குள் சேரும் தண்ணீர் வெளியேற உள் ஓட்டிலிருந்து வெளி ஓட்டுக்கு ஃபோமின் ஊடாக மெல்லிய பித்தளைக் குழாய்கள் போகின்றன. இரண்டு முனையிலும் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். உப்புத் தண்ணீரில் இவை அரித்து ஊசிமுனை ஓட்டை விழுந்தால், தண்ணீர் குழாயோடு வெளியே போகாமல் நேராக ஃபோமுக்குள் போகும். பழைய குழாயின் ஒரு பக்க விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து ஒரு மரக்கட்டையால் தட்டினால் உருவிக்கொண்டு வரும். பின்பக்கத்துக் குழாயை உருவியதும் பழுப்புத் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. முதலில் ஒழுகல், அப்புறம் சொட்டு. டிரெய்லரின் மூக்கை ஜாக்கியால் உயர்த்தி, கீழே வாளி வைத்து, கராஜில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபயரை ஓடவிட்டு வாரக்கணக்கில் அப்படியே விட்டேன். பிள்ளைகளுக்கு வாளியைப் பார்ப்பதே காலை வேலையாகிவிட்டது. மற்ற இடங்களில் எல்லாம் ஃபோம் வெள்ளையாக, கெட்டியாகத்தான் இருந்தது என்பது ஆறுதல்.

புதுக் குழாய் போடும்போது துவாரத்தின் உட்சுவரை எபாக்ஸியால் பூசிவிடுவது நல்லது. நாளைக்கு இந்தக் குழாயும் அரித்தாலும் ஃபோம் தப்பும். அளவுக்குச் சரியாக வெட்டிய பித்தளைக் குழாய், ஒரு பக்கம் ரப்பர் ஓ-ரிங், இரண்டு பக்கமும் கடல் பயன்பாட்டு சீலன்ட், அப்புறம் விளிம்பை மடிக்கும் கருவியால் மெதுவாக இறுக்க வேண்டும். பித்தளை மெல்லிசு. அவசரப்பட்டுத் திருகினால் விளிம்பு கீறல் விட்டுவிடும், அந்தக் குழாய் வீண். ஒரு சுற்று, ஒரு பார்வை என்று போனால் பிழைக்கும்.

மின்சாரம். இதைப் பழுது பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நாற்பது வருடத்தில் எத்தனையோ கைகள் வீட்டு ஒயரையும் இன்சுலேஷன் டேப்பையும் சேர்த்து ஒட்டுப்போட்டிருக்கும். ஈயம் பூசிய செம்புக் கம்பி, சூடு காட்டினால் சுருங்கி இறுகும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்பு, பேட்டரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் முதல் ஃபியூஸ், ஒரு மெயின் ஸ்விட்ச். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப்புக்கு மட்டும் தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரியிலிருந்து கம்பி போகட்டும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் அது வேலை செய்ய வேண்டும். மொத்தத்தில் சின்ன படகு, விளக்கு, பம்ப், ஹாரன், ரேடியோ, அவ்வளவுதான்.

எஞ்சின் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து. படகோடு வந்தது எண்பதுகளின் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, 90 குதிரைத்திறன். நம்மூர்க் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் தொங்குமே, அதே வகை, கொஞ்சம் பெரிசு. முதலில் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் பார்த்தேன். இதில் எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த எஞ்சினுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு காசும் தண்ணீரில் போட்டதுதான். அடுத்து கியர் ஆயில். கீழ் ஸ்க்ரூவைத் திறந்து பார்த்தால் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ வரலாம், பாதகமில்லை. பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. இங்கே குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்தால் கியர் பெட்டியே பிளந்துபோகும்.

கடல் நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர் இம்பெல்லர் சும்மா கிடந்தாலே சாகும். இதழ்கள் மடங்கின நிலையிலேயே இறுகிவிடும். அதை மாற்றாமல் சோதனைக்குக்கூட எஞ்சினை ஓடவிடக்கூடாது. குழாய்த் தண்ணீர் மாட்டாமல் "சும்மா அஞ்சு செகண்டு" என்று யாராவது சொன்னால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய எதிரி பெட்ரோல். இங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கும். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து, அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்து கரைக்கும். என் கார்புரேட்டர்களைத் திறந்தபோது ஜெட்டுகளில் கறுப்புத் துகள், கிண்ணங்களின் அடியில் பச்சைக் களிம்பு. கார்புரேட்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கேஸ்கெட் மாற்றி, டாங்கிலிருந்து எஞ்சின்வரை எல்லாக் குழாயும், கையால் அழுத்தும் பிரைமர் பல்பும் புதிதாகப் போட்டு, நடுவில் தண்ணீரைப் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் மாட்டினேன். இருக்கைக்கு அடியில் கிடந்த பழைய டாங்குகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அவற்றைக் கழுவி எடுக்கலாமா என்று யோசிப்பதே நேர விரயம். சீசன் முடிவில் டாங்கில் மிஞ்சுவது காருக்குப் போகாது, ஏனென்றால் அதில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்திருக்கும். அதனால் செப்டம்பரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிரப்புவேன்.

டிரெய்லரைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. ஆனால் பிள்ளைகளோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க வைப்பது பெரும்பாலும் படகு இல்லை, டிரெய்லர்தான். நாள் முழுக்கச் சூடான பேரிங்கை மாலையில் உப்புத் தண்ணீரில் முக்குகிறோம். சூடு தணியும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பேரிங், சீல், கிரீஸ் எல்லாம் புதிது, ஓர் உபரி செட் எப்போதும் கார் டிக்கியில். டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் வருடமும். ஆறு வயதைத் தாண்டிய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நான் இழுப்பதில்லை. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு சரி. கையை இழுத்துக்கொள்ளும் சூடு என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

ஜெல்கோட்டுக்கு, அதாவது ஃபைபரின் மேல் இருக்கும் நிறப் பூச்சுக்கு வந்தபோது பணமும் பொறுமையும் இரண்டுமே குறைவாகத்தான் இருந்தன. கல்லில் இடித்து ஃபைபர்வரை போன காயங்களை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். மேலோட்டமான சிலந்தி விரிசல்களை அப்படியே விட்டுவிட்டேன். வயசான படகு, சுருக்கம் இருக்கட்டும். நிறம் கலக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: படகின் வெளுத்த நிறத்தோடு ஒத்துப் பார்க்காதீர்கள். முதலில் அந்த இடத்தை நீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, அசல் நிறத்தை வெளியே கொண்டுவந்த பிறகு அதற்குக் கலக்க வேண்டும். மெழுகு சேராத ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், பூசியவுடன் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். ஃபைபர் தூள் ஒட்டிய சட்டையை வீட்டு வாஷிங் மெஷினில் போடக்கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். ஒரே ஒரு முறை போட்டால் பிள்ளைகள் எல்லோரும் ஒரு வாரம் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

படகின் மரப் பாகங்களுக்கான வேலைகள் குளிர்காலத்தில் வீட்டின் அடித்தள அறையில் நடந்தன. கறுப்பு நீர்க்கறைகளுக்கு ஆக்சாலிக் அமிலம், 80இல் தொடங்கி 220வரை உப்புத்தாள், முதல் பூச்சு நீர்த்த வார்னிஷ், அப்புறம் ஆறேழு பூச்சு. எண்ணெய் போடலாமா வார்னிஷ் போடலாமா என்ற சண்டையில் நான் இறங்கவில்லை.

இனி குடும்பம். மோன்டாக்கை மீன்பிடிக்கிறவர்கள் கொண்டாடுவதற்கு என்ன காரணமோ அதுவே குடும்பத்துக்குக் குறை: திறந்த வெளி, நடுவில் ஸ்டியரிங் இருக்கும் மேசை போன்ற ஒரு கன்சோல், ஓட்டுநருக்கு ஒரு இருக்கை. முதல் தடவை ஏறிப் பார்த்த மனைவி, "இதுல நாம எங்கங்க உட்காருவோம்?" என்றாள். கன்சோலுக்கு முன்னால் குளிர்பெட்டியே இருக்கை. அதன்மேல் மெத்தை தைத்து, பெட்டியைத் தரையோடு பட்டையால் இறுக்கினேன். ஒரிஜினலில் இல்லாத நிழல் பந்தல் ஒன்று, மடக்கக் கூடியது. பழைய வேலர் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். ஜூலை மத்தியானத்தில் ஐந்து வயதுப் பையனோடு அவர்கள் யாரும் வரப்போவதில்லை.

பின்பக்கம் நீருக்குள் மூன்று படி இறங்கும் ஏணி மாட்டினேன். குளிக்க இறங்கியவர்கள் ஏறுவதற்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது. தவறி விழுந்தவர் தானாக ஏற முடிகிற ஒரே வழி அதுதான். நனைந்த உடையோடு ஒரு பெரியவரை நீரிலிருந்து பக்கவாட்டில் தூக்கி ஏற்ற ஒருவரால் முடியாது. ஏணி எஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்கள் வீட்டு விதி ஒன்று உண்டு. யாராவது தண்ணீரில் இருந்தால் எஞ்சின் நியூட்ரலில் அல்ல, அணைந்து இருக்க வேண்டும், சாவி என் சட்டைப் பையில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா டிரெய்லரில் நிற்கும் படகைப் பார்த்துவிட்டு, "எனக்கு அவ்வளவு உசரம் காலைத் தூக்க வராதுப்பா" என்றார். அவருக்காக மிதவைத் துறையில் வைத்து ஏற ஒரு தட்டையான படிப்பெட்டியும், கன்சோல் ஓரத்தில் ஒரு கைப்பிடியும். இன்றைக்கு அந்தக் கைப்பிடியைத்தான் எல்லோரும் பிடிக்கிறோம்.

உயிர்காப்புச் சட்டை விஷயத்தில் 'வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும்' என்ற நம் வழக்கம் உதவாது. குழந்தைகளுடையது எடையைப் பொறுத்தது: 30 பவுண்டுவரை ஒன்று, 30 முதல் 50 வரை ஒன்று, 50 முதல் 90 வரை ஒன்று. போட்டுவிட்டு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் சட்டை காதுவரை ஏறக்கூடாது. சின்னவனுக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் கழுத்துக்குப் பின்னால் பிடியும் உள்ளது வாங்கினோம். கனெக்டிகட்டில் படகு நகரும்போது 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் போட்டே ஆக வேண்டும். பெரியவர்களும் போட்டுக்கொண்டால் பிள்ளைகளோடு வாதாட வேண்டியதில்லை. ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டும் எஞ்சின் நிறுத்துக் கயிறும் அப்படித்தான். 26 அடிக்குக் குறைந்த படகில் அந்த வசதி இருந்தால் வேகமாகப் போகும்போது மாட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் மத்திய சட்டம். இங்கே பதிவுசெய்த படகை ஓட்டப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். நானும் மனைவியும் இரண்டு பேருமே வகுப்புக்குப் போய்த் தேர்வு எழுதினோம். ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்த படகில் அந்த ஒருவரே தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது?

நாங்கள் இறங்குவது பிரான்ஃபோர்டு ஆற்றுப் படகுத்துறையில். அங்கிருந்து கிழக்கே போனால் திம்பிள் தீவுகள். இளஞ்சிவப்புக் கருங்கல் தீவுகள். சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு இந்தப் பக்கத்து ஸ்டோனி கிரீக் கல் போயிருக்கிறது. பார்க்க அழகு, ஓட்டக் கவனம். அதே கல் நீருக்கு அடியிலும் மறைந்து நிற்கிறது, வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் ஆறடியை ஒட்டி மாறும். காலையில் பார்த்த வழி மாலையில் வழியில்லை. லாங் ஐலண்டு சவுண்டு என்கிற இந்தக் கடற்பகுதியில் கோடைப் பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்தால் குட்டை அலைகள் நெருக்கி வரும், அப்போது இந்தப் படகு அடிக்கிற அடி முதுகெலும்பில் கேட்கும். அகன்ற, ஆடாத அடிப்பாகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் குறைப்பது ஒரு வழி. காலை எட்டுக்கு இறங்கி ஒரு மணிக்குக் கரையேறிவிடுவது அதைவிட நல்ல வழி. மே தொடக்கத்தில் வெயில் அடித்தாலும் தண்ணீர் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் ஜூன் பாதிக்கு முன் பிள்ளைகளை ஏற்றுவதில்லை.

எஞ்சினை எப்போது மாற்றுவது என்பதுதான் இப்போது வீட்டில் ஓடும் பேச்சு. பழைய டூ-ஸ்ட்ரோக் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் மெதுவாகப் போகும்போது புகை பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் வருகிறது. புது ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 90 போட்டால் 160 கிலோ பக்கம் வரும். இந்தப் படகின் பின்பகுதி அந்த எடைக்குச் செய்ததல்ல, நின்றால் எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் பள்ளத்துக்குள் தண்ணீர் ஏறும். 60 அல்லது 70 போட்டால் எடை பழையதை ஒட்டி நிற்கும், நான்கு பேருக்கு வேகமும் போதும். எனக்கு 70, மனைவிக்கு 60. மகள் மட்டும் 90தான் வேண்டும் என்கிறாள்.